கொழும்பில் வேலை, யாழ்ப்பாணத்தில் குடும்பம்: கிழமைதோறும் போய்வருவது சரிதானா?

கொக்குவில்வாசி:
கொழும்பில் வேலை என்றால் மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுபோய் வெள்ளவத்தையில் வீடெடுத்து இருப்பதுதான் முறை என்று உறவினர் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. வெள்ளிக்கிழமை இரவு காலி வீதியில் பஸ் ஏறி, சனி விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்பவும் ஏறுகிறவன் நான். ஒரு வழிக்குச் சுமார் 400 கிலோமீற்றர்; உடம்பு அலுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவனுடைய உத்தியோகத்துக்காக ஒரு குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போவதைவிட, அந்த ஒருவன் அலைவது நியாயம். சொந்த வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு, நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம், வயதான தாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சம்பளத்தில் பெரும்பகுதியை வாடகையாகக் கொடுத்து, அடுக்குமாடியில் இரண்டு அறைகளுக்குள் அடைபடுவதால் என்ன கிடைக்கிறது? 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்குவதற்கு முன்பிருந்தே எங்கள் பாட்டன்மார் கொழும்பில் எழுதுவினைஞர்களாக இருந்துகொண்டு, குடும்பத்தை ஊரில் வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள்.

கொழும்பு ஆறு:
அண்ணா, வார இறுதியை நீங்கள் இரண்டு நாள் என்று எண்ணுவதில்தான் எனக்கு மறுப்பு. எட்டு ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் அரைத்தூக்கமாக இருந்து வந்தவன் சனிக்கிழமை காலையில் படுக்கத்தான் செய்வான். அவன் எழும்பும்போது பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருப்பார்கள். பின்னேரம் ஒரு செத்தவீடு, ஓர் அந்தியேட்டி, போகாவிட்டால் குறை சொல்லும் ஒரு கலியாணவீடு. ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பயணப் பையை எடுத்து வைக்க வேண்டும். இதற்குள் பிள்ளையோடு ஆறுதலாக இருந்து கதைக்கும் நேரம் எவ்வளவு? பாட்டன்மாரின் உதாரணமும் பொருந்தாது. அந்தக் காலத்துப் பிள்ளை தகப்பனிடம் எதிர்பார்த்தது மாதம் தவறாமல் வரும் காசுக்கட்டளையையும் லீவுக்கு வரும்போது கொண்டுவரும் உடுப்பையும்தான். இன்றைய பிள்ளைக்கு அது போதாது. நானும் சில வருடங்கள் இப்படி அலைந்துவிட்டுத்தான் குடும்பத்தை இங்கே அழைத்தேன். வாடகை கடுமைதான். ஆனால் இங்கே தமிழில் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் குறையில்லை: வெள்ளவத்தையில் சைவ மங்கையர் வித்தியாலயம் இருக்கிறது, பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரி இருக்கிறது. வேலை முடிந்து இரவு ஏழு மணிக்குப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்க்கிறேன். அதற்குத்தான் அந்த வாடகையைக் கொடுக்கிறேன்.

தென்மராட்சி ஆசிரியை:
இருவரும் போய்வருகிற ஆளைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஊரில் இருக்கிற ஆள் எப்படி இருக்கிறாள் என்பதையும் கேளுங்கள். என் கணவர் கொழும்பில். நான் இங்கே மாகாணப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விடு என்பவர்கள் மனைவிக்கும் ஓர் உத்தியோகம் உண்டு என்பதை நினைப்பதில்லை. மாகாணம் விட்டு மாகாணம் இடமாற்றம் பெறுவதற்கு அனுப்பும் மாகாணமும் ஏற்கும் மாகாணமும் இணங்க வேண்டும். அது கேட்டவுடன் கிடைக்கும் காரியமல்ல.

அதற்காகக் கொக்குவில் அண்ணாவின் பக்கமும் நான் இல்லை. ஒருவன் அலைந்தால் மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்கிறீர்கள். கடந்த மாரியில் மகனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. டெங்குவாக இருக்கலாம் என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார்கள். ஒரு கையில் குடை, மறுகையில் பிள்ளை, தோளில் மாட்டிய பைக்குள் ஓயாமல் அடிக்கும் தொலைபேசி. “என்ன சொன்னவை, குருதிச் சிறுதட்டு எவ்வளவாம்?” என்று அவர் அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத்துக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பதைப்பு எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அன்று பிள்ளையைப் பார்ப்பதோடு அவரைத் தேற்றுவதும் என் வேலையாகிவிட்டது. கிழமை நாட்களில் இப்படி எல்லாவற்றையும் நானே தீர்மானித்துச் செய்துவிட, சனிக்கிழமை வந்து இறங்குகிறவர் “ஏன் அந்த டொக்டரிட்டைப் போனனீங்கள், ஏன் அந்த வகுப்பை நிப்பாட்டினனீங்கள்?” என்று விசாரிக்கத் தொடங்கினால், அந்த வருகையால் வீட்டில் சுமை குறையாது, கூடும். போய்வருவதென்றால், கிழமை நாட்களில் வீட்டிலிருப்பவள் எடுத்த முடிவை மதிக்கும் மனத்தோடு வர வேண்டும்.

கொக்குவில்வாசி:
ஆசிரியை அவர்கள் கடைசியாகச் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. கொழும்பு ஆறு தம்பிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது நான் பத்து வயதுப் பிள்ளை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவு நிலைகள்கூட மிஞ்சியிருக்கவில்லை. அம்மா அதைச் சிறிது சிறிதாக மீண்டும் கட்டினார். இன்று அவரைப் பார்த்து, வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வாருங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. அவரைத் தனியே விட்டுப் போகவும் முடியாது. எங்கள் ஒழுங்கையிலேயே பூட்டிய வீடுகள் எத்தனையோ கிடக்கின்றன. உரிமையாளர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். அவற்றோடு இன்னொரு வீட்டையும் சேர்க்க எனக்கு மனமில்லை.

கொழும்பு ஆறு:
அம்மாவைப் பற்றிச் சொன்னதற்கு நான் மறுவார்த்தை பேசமாட்டேன். ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் அந்தப் பயணம் எவ்வளவு உறுதியானது என்பதையும் பாருங்கள். 1990 இல் நின்ற ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது 2014 இல். அதன் பிறகும் 2023 இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலும், 2024 இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலும் திருத்த வேலைக்காகப் பாதையை மாதக்கணக்கில் மூடினார்கள். நல்லூர்த் திருவிழாவோ நீண்ட விடுமுறையோ வந்தால் ஆசனம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிச்சம் இருப்பது இரவு பஸ். சாரதி கண்ணயர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஏ9 வீதியில் பலமுறை பார்த்துவிட்டோம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று எத்தனை வருடம்?

பருத்தித்துறையான்:
கணினித் துறையில் இருப்பவர்கள் திங்கட்கிழமை வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்கலாம். ஞாயிறு இரவுப் பயணம் திங்கள் இரவுக்குத் தள்ளிப்போனாலே ஒரு முழு நாள் மிஞ்சும். வங்கியிலும் அரச அலுவலகத்திலும் இது சரிவராது என்பது தெரியும்.

தென்மராட்சி ஆசிரியை:
“எத்தனை வருடம்” என்று தம்பி கேட்டது நல்ல கேள்வி. நாங்கள் ஒரு தவணை வைத்திருக்கிறோம்: மகன் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவதற்குள் அவர் யாழ்ப்பாணக் கிளைக்கு மாற்றம் எடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் நான் மேல் மாகாணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவணையில்லாமல் போய்வந்தால் பிள்ளை வளர்ந்து முடிந்துவிடும். கொக்குவில் அண்ணா, உங்கள் வீட்டில் அப்படி ஏதும் பேசி வைத்திருக்கிறீர்களா?

கொக்குவில்வாசி:
பேசியிருக்கிறோம். யாழ்ப்பாணக் கிளைக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதவி ஒரு படி குறைந்தாலும் ஏற்பேன் என்றும் அதில் குறிப்பிட்டிருக்கிறேன். அதற்கு மனைவிக்கும் சம்மதம். அது கிடைக்கும்வரை வெள்ளிக்கிழமை பஸ்தான். வெள்ளவத்தையில் வீடு பார்க்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.