மலையில் போக்கிமான் கோ: வரைபடம் கைவிட்ட கதைகளைச் சொல்லுங்கள்

தேயிலைத்தடம் (கோத்தகிரி):
போக்கிமான் கோ, நிஜ ஊரில் நடந்துகொண்டே கைபேசியில் போக்கிமான் பிடிக்கும் விளையாட்டு. கோயில், சிலை மாதிரி நிஜ இடங்கள்தான் அதில் பொருட்கள் தரும் 'ஸ்டாப்'. சமவெளியிலிருந்து வரும் நண்பர்கள் முதலில் கேட்பது, "ஸ்டாப் பக்கத்துலேயே காட்டுதே, எங்கே இருக்கு?" என்றுதான். தலைக்கு மேலே என்று கையைத் தூக்கிக் காட்டுவேன். விளையாட்டுக்கு மேடு பள்ளம் கிடையாது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் வைத்துத் தூரம் பார்க்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊர்) இருக்கும் ஒரே ஸ்டாப், கீழே எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டிய மாரியம்மன் கோயில். என் வீட்டு வாசலில் நின்றால் மணியோசை கேட்கும், ஆனால் ஸ்டாப்பைத் தொடக்கூடிய 80 மீட்டர் வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே விழுகிறது. ரோட்டில் சுற்றிப் போனால் அரை மணி நேரம். தேயிலைக்குள்ளே இறங்கும் தடம் ஒன்று உண்டு, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தினமும் நடப்பது. திரையில் அந்த இடம் முழுக்க வெறும் பச்சை. பொழுது சாய்ந்தால் அதில் காட்டெருமை நிற்கும். அதை எந்த வரைபடமும் சொல்லாதுதான்.

ஏன் வெறும் பச்சை? 2017 டிசம்பரில் இந்த விளையாட்டு கூகுள் வரைபடத்தை விட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறியது. அது தன்னார்வலர்கள் வரைவது. யாரும் வரையாத பாதை அதில் இருக்காது. ஸ்டாப்புகள் கதையும் இதேதான். ஆரம்பத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவை 2012இல் தொடங்கிய இன்கிரஸ் என்ற இதே மாதிரி விளையாட்டின் ஆட்டக்காரர்கள் முன்மொழிந்த இடங்கள். ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர் தாவரவியல் பூங்காவைப் படம் எடுப்பார், சேரிங் கிராஸ் நீரூற்றை எடுப்பார். ஹட்டியில் இருக்கும் ஹெத்தையம்மன் கோயிலை யார் எடுப்பார்கள்?

சரி, உங்கள் அனுபவம்?

பல்சக்கரம் (குன்னூர்):
அண்ணே, மலை ரயிலில் ஆடிப் பாருங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுவதால் வண்டி அவ்வளவு மெதுவாகப் போகும், விளையாட்டு நாம் நடப்பதாகவே நினைத்து, நடந்தால் பொரியும் முட்டைக்குக் கிலோமீட்டர் சேர்க்கும்! ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே முட்டை பொரித்திருக்கிறேன். கேட்டால் நேர்மையான உழைப்பு என்பேன்.

ஆனால் முழுத் தூரமும் ஏறாது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போட்டுத்தான் கணக்கு. மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கி.மீ. பாதையில் 208 வளைவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கழிந்துவிடும். குகைப்பாதைகள் வேறு 16. உள்ளே போனதும் சிக்னல் செத்துவிடும். வெளியே வந்தால் நம் பொம்மை பள்ளத்தாக்கின் நடுவே அந்தரத்தில் ஓடிவந்து தண்டவாளத்தைப் பிடிக்கும்.

மலையால் லாபமும் உண்டு. கொரோனா சமயத்தில் ஸ்டாப்பைத் தொடும் தூரத்தை 40 மீட்டரிலிருந்து 80 ஆக்கினார்கள் அல்லவா? அதிலிருந்து கொண்டை ஊசி வளைவில் மேல் ரோட்டு ஸ்டாப்பைக் கீழ் ரோட்டில் நின்றே திரையில் சுற்றிப் பொருள் எடுத்துவிடலாம்.

மலைப்பூண்டு (கொடைக்கானல்):
இங்கே எல்லோரும் மூடுபனியைத் திட்டுவார்கள். பனிக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அந்த அலைவரிசை மேகத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். தடுப்பது மலைதான். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை இருந்தால் பாதி வானம் மறைந்துவிடும், செயற்கைக்கோள்கள் போதாது. கிடைக்கும் சிக்னலும் பாறையில் மோதித் திரும்பி வந்தால் இடம் தள்ளிக் காட்டும். சோலை மரங்களுக்கு அடியிலும் அதே தொல்லை. ஏரியைச் சுற்றி வானம் திறந்திருப்பதால் புள்ளி ஆடாமல் நிற்கும். கோக்கர்ஸ் வாக்கில் கம்பிக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில் போக்கிமான் நிற்கும். இருந்த இடத்திலிருந்தே பிடிக்கலாம், ஆனாலும் பிள்ளைகள் கம்பியில் சாய்கிறார்கள். அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பூம்பாறைப் பக்கம் ஒரு கோயிலை ஸ்டாப்பாக முன்மொழிந்தேன். இடக்குறி பொருந்தவில்லை என்று தள்ளிவிட்டார்கள். செங்குத்தான இடங்களில் செயற்கைக்கோள் படமே சில மீட்டர் விலகி இருக்கும், கோயில் இருக்கும் இடத்தில் படத்தில் மரம் நிற்கிறது. பரிசீலிக்கும் ஆட்டக்காரர் எங்கோ சமவெளியில் உட்கார்ந்து பார்க்கிறார், அவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் கோயில், படிக்கட்டு, ரோடு மூன்றும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

தேயிலைத்தடம்:
நல்ல யோசனை, செய்து பார்க்கிறேன். தடத்தையும் நானே வரைந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மலைப்பூண்டு:
வரையுங்கள், ஆனால் உள்ளதை மட்டும். நிறைய போக்கிமான் வரும் என்று இல்லாத பூங்காவை வரைந்து மாட்டிக்கொண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. தேயிலைத் தோட்டம் பூங்கா ஆகாது. இன்னொன்று, வரைந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சீக்கிரம் தெரியும், விளையாட்டுக்குள் வர மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

கூடலூரான்:
முதுமலை வழியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. காட்டு ரோட்டில் திரையில் என்ன தெரிந்தாலும் வண்டியை நிறுத்தாதீர்கள், அங்கே நிறுத்தவே கூடாது. தெப்பக்காடு முகாமில் பார்வை நேரத்தில் இறங்கி ஆடிக்கொள்ளலாம். என் தம்பி பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்டான். டிரைவர் அண்ணன், "இறக்கி விடறேன், யானை வந்தா அதையும் பிடிச்சுக்க" என்றார்.