“குழந்தைக்குக் கொஞ்சம் மஞ்சள் இருக்கு”: வேலையில் கேட்ட வாக்கியங்களை எழுதுங்கள்

பிறந்த குழந்தையைப் பற்றிப் பேசும்போது ‘மஞ்சள்’, ‘காமாலை’, ‘பிலிருபின்’ (சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகி, தோலை மஞ்சளாக்கும் பொருள்) எல்லாம் இப்போது வீட்டுப் பேச்சிலேயே வந்துவிட்டன. பிரசவ வார்டிலும் ஆய்வகத்திலும் கிராமத்திலும் வேலை பார்ப்பவர்கள், அடிக்கடி காதில் விழும் வாக்கியத்தையும் அதில் எது விடுபடுகிறது என்பதையும் எழுதலாம்.

பிரசவ வார்டு செவிலியர்

“முகம் மஞ்சளா இருக்கு சிஸ்டர்.” இதோடு பிறந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். தேதி மட்டும் போதாது, மணி வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், எவ்வளவு லேசாக இருந்தாலும் உடனே ரத்தப் பரிசோதனை. தாய் ஓ குரூப், குழந்தை ஏ அல்லது பி. இல்லையென்றால் தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ். இப்படி இருக்கும்போது குழந்தையின் சிவப்பணுக்கள் வேகமாக உடையலாம். 2, 3ஆம் நாளில் தொடங்கி, 5ஆம் நாள் வாக்கில் ஏறி, இரண்டு வாரத்துக்குள் வடிவதுதான் வழக்கமான மஞ்சள்.

பார்க்கும் முறை: குழந்தையின் சட்டையைக் கழற்றி, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் நெற்றி, நெஞ்சு, முழங்கால், உள்ளங்கால் என்று ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுக்கும்போது அடியிலிருக்கும் நிறம் தெரியும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாக் குழந்தையும் மஞ்சளாகத்தான் தெரியும். முகத்தில் தொடங்கிக் கால் நோக்கி இறங்கும் என்பதால், “முட்டி வரைக்கும் வந்திருக்கு” என்று போனில் சொன்னால் எங்களுக்கு நிறையப் புரியும். ஆனால் மாநிறக் குழந்தைகளிடம் கண் ஏமாற்றும். முடிவு ரத்த அளவை வைத்துத்தான்.

ஆய்வக நுட்பர்

“நேத்து பன்னெண்டு, இன்னிக்கு பத்து, குறைஞ்சிடுச்சு.” உண்மையாகவே குறைந்ததா என்று ஒருமுறை யோசியுங்கள். பிலிருபின் வெளிச்சம் பட்டால் சிதையும். ரத்தக் குழாயைக் கறுப்புத் தாளோ அலுமினியத் தாளோ சுற்றாமல் மேசையில் வைத்திருந்தால் அளவு குறைந்து காட்டும். குதிகாலை அழுத்திப் பிழிந்து எடுத்தால் ரத்தம் உடைந்து ரிப்போர்ட் குழம்பும். குதிகாலை முதலில் இளஞ்சூடான துணியால் சூடேற்றினால் பிழியாமலே சொட்டும். வெளிநாட்டு உறவினரிடம் எண் சொல்பவர்கள் அலகையும் சொல்லுங்கள். இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பிரிட்டனில் லிட்டருக்கு மைக்ரோமோல். நம்முடையதை 17.1ஆல் பெருக்க வேண்டும். நம் 14 அவர்களுக்கு 240 வாக்கில் வரும், கேட்டுப் பதறிவிடுவார்கள்.

குழந்தைகள் நல மருத்துவர்

அந்த 14 பற்றியே சொல்கிறேன். “பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் பதினாலுதான், லைட்டே வைக்கலை” என்ற ஒப்பீடு அடிக்கடி வருகிறது. பிறந்து 24 மணி நேரமான குழந்தைக்கு 14 என்றால் உடனடி சிகிச்சை. நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகப் பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைக்கு 5ஆம் நாளில் அதே 14 என்றால் பெரும்பாலும் வீட்டுக்கே அனுப்பிவிடுவோம். எத்தனை மணி நேரக் குழந்தை, எத்தனை வாரத்தில் பிறந்தது, சிவப்பணு உடைகிறதா, தொற்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் வரம்பு மாறுகிறது.

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர்

“லைட்ல வெச்சிருக்காங்க.” கேட்பவர்கள் சூடு வைப்பதாக நினைக்கிறார்கள். சூட்டுக்கு இதில் வேலையே இல்லை. 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி, தோலில் இருக்கும் பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறியது பித்தத்திலும் சிறுநீரிலும் எளிதாக வெளியேறும். இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் வெயில் பட்ட குழந்தையின் தோல் வெளுத்திருப்பதை 1956இல் ஜீன் வார்டு என்ற செவிலியர் கவனித்ததிலிருந்து வந்த சிகிச்சை இது. 1958இல் அங்கிருந்த மருத்துவர்கள் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் கண்ணிலிருந்து தொடங்கியது என்பதை எங்கள் பிரிவுக்கு வரும் புதியவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

லைட்டில் இருக்கும்போது கண்ணுக்கு மூடி, இடுப்பில் சின்ன நாப்கின், மற்ற உடம்பு வெறுமையாக. கண்மூடி நழுவி மூக்கை அடைக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். குளிருமே என்று போர்த்திவிட்டால் ஒளி படாது. நடுவில் வெள்ளைத் துணி தொங்கினாலும் அப்படித்தான். பால் கொடுக்க எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். மலம் தண்ணீராகப் போகும், பயம் வேண்டாம். ஒளி பட்ட தோல் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் “நிறம் வந்துடுச்சு, எடுத்துடுங்க” என்று கேட்கக் கூடாது. நெற்றியில் வைத்து அளக்கும் கருவியும் அப்போது சரியாகக் காட்டாது. நிறுத்திய பிறகு அளவு மறுபடி ஏறலாம், அதனால்தான் இன்னொரு முறை ரத்தம் எடுக்கிறோம்.

கிராம சுகாதாரச் செவிலியர்

“வெயில்ல காட்டினா போயிடும்”, “கீழாநெல்லி அரைச்சு ஊத்துங்க”, “தாய் எண்ணெய் பதார்த்தம் சாப்பிடக் கூடாது.” பெரியவர்களுக்கு வரும் தொற்றுக் காமாலையை மனதில் வைத்துச் சொல்வது இது. குழந்தையின் வழக்கமான மஞ்சள் ஒட்டாது, தாய்க்குப் பத்தியமும் தேவையில்லை. அவளைப் பட்டினி போட வேண்டாம். காலை வெயில் லைட்டுக்கு ஈடாகாது. சிகிச்சைக்குப் போவதைத்தான் தள்ளிப்போடும். சர்க்கரைத் தண்ணீர், பச்சிலைச் சாறு எது ஊற்றினாலும் அந்த அளவுக்குத் தாய்ப்பால் குறையும். பால் குறைந்தால் மலம் குறையும், மலத்தில் போகவேண்டிய பிலிருபின் குடலிலிருந்து திரும்ப ரத்தத்தில் சேரும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால், 5ஆம் நாளுக்குப் பிறகு குறைந்தது 6 தடவை சிறுநீர், கரும்பச்சை மலம் மஞ்சளாக மாறியிருப்பது. இந்த மூன்றையும் கேளுங்கள்.

இன்னொன்று, பாச்சை உருண்டை. பெட்டியில் உருண்டை போட்டு வைத்திருந்த பழைய சேலையை எடுத்துக் குழந்தையைச் சுற்றுகிறார்கள். ஜி6பிடி நொதி குறைவாக இருக்கும் குழந்தைக்கு அந்த வாடையே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளை மளமளவென்று ஏற்றிவிடும். ஆண் குழந்தைகளிடம் இந்தக் குறை அதிகம். உருண்டை வைத்த துணி குழந்தை பக்கமே வரவேண்டாம்.

மருத்துவர், மறுபடி

எனக்கு அதிகம் பயம் தரும் வாக்கியம்: “நல்லாத் தூங்குறான் டாக்டர், பாலுக்குக்கூட எழறதில்ல.” மஞ்சளோடு இதைக் கேட்டால் அன்றிரவே கொண்டுவரச் சொல்லுங்கள். பிலிருபின் மூளைக்குள் இறங்கத் தொடங்கியதன் முதல் அடையாளமாக இருக்கலாம். அடுத்து கீச்சென்ற அழுகை, முதுகு வில்லாக வளைவது. அந்த நிலையில் ரத்தமாற்றம் வரை போக வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் செவித்திறன் இழப்போ கைகால் இயக்கக் குறையோ தங்கிவிடலாம்.

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு

“தாய்ப்பால் மஞ்சள், தானாப் போயிடும்.” பல குழந்தைகளுக்கு அது சரிதான், இரண்டு மூன்று மாதம் வரைகூட நீடிக்கும், பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு பரிசோதனை வேண்டும். 14 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் மொத்த பிலிருபினோடு ‘டைரக்ட்’ அளவையும், அதாவது ஈரல் பக்குவப்படுத்திய பிலிருபின் அளவையும், கேளுங்கள். அது 1 மில்லிகிராமைத் தாண்டினால் ஈரல், பித்தக்குழாயைப் பார்த்தாக வேண்டும். மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் நாப்கினில் மஞ்சள் கறை படுத்தினால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் பெயரிலான அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் பித்தம் வடிய நல்ல வாய்ப்பு. நாப்கினில் இருக்கும் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.