சாகக் கெடக்குறவங்கள போட்டோ எடுக்கறது சரியா, மொதல்ல காப்பாத்த வேண்டாமா?

நிழல்பித்தன்:
ஜர்னலிசம் படிக்கிறேன், கெவின் கார்ட்டர்ங்கற போட்டோகிராஃபர் சூடான்ல எடுத்த படத்த பத்தி ஒரு அசைன்மென்ட். 1993-ல எடுத்தது, பசில சுருண்டு கெடக்குற குழந்தை, பின்னாடி பிணந்தின்னிக் கழுகு. 94-ல பத்திரிகைத் துறையோட பெரிய விருதான புலிட்சர் கெடச்சுது, அதே வருஷம் ஜூலைல அவரு தற்கொலை பண்ணிக்கிட்டாரு. க்ளாஸ்ல பாதி பேரு அவரும் ஒரு கழுகுதான்னு திட்றாங்க. கேமராவ கீழ வச்சுட்டு புள்ளைய தூக்குறதுதானே மனுஷத்தனம்? என்ன எழுதறதுன்னே புரியல.

டெஸ்க்_பழசு:
தம்பி, படத்த இன்னொரு தடவ நல்லா பாருங்க. குழந்தை கைல ஒரு பட்டை தெரியும், ஐநா உணவு மையத்துல போடற பட்டை அது, அதாவது உதவி பக்கத்துலயே இருந்துச்சு. கழுகையும் அவரு வெரட்டி விட்டாரு. 2011-ல ஒரு ஸ்பெயின் பேப்பர் அங்கயே போய் விசாரிச்சுது, அது பையனாம், பஞ்சத்துல பொழச்சு, பல வருஷம் கழிச்சு 2007 வாக்குலதான் காய்ச்சல்ல செத்துட்டான்னு வீட்டாளுங்க சொன்னாங்க.

என்னைக் கேட்டா தப்பு வேற எடத்துல. நியூயார்க் டைம்ஸ்ல படம் வந்ததும் அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு ஆளாளுக்கு கேட்டாங்க. எந்திரிச்சு நடந்துச்சு, மையத்துக்கு போய் சேர்ந்துச்சான்னு தெரியலன்னு சில நாள் கழிச்சு பேப்பர்ல குறிப்பு போட வேண்டியதாச்சு. கேப்ஷன் எழுதறவன்கிட்ட பேரு இல்ல, ஊரு இல்ல, அப்புறம் என்ன ஆச்சுன்னும் இல்லன்னா படம் எவ்ளோ நல்லா இருந்தாலும் அரைவேக்காடுதான். நான் பேப்பர்ல எடிட்டிங் டெஸ்க்ல இருந்தப்போ ஸ்ட்ரிங்கருங்கள்ட்ட (சம்பளத்துக்கு இல்லாம செய்திக்கு இவ்ளோன்னு வேல பாக்கறவங்க) மொதல்ல கேக்கறதே இதத்தான், பாதி பேருக்கு கோவம் வரும் 😄

மழைக்கிறுக்கி:
பேரு கேக்கணும்ங்கறது சரி, ஆனா எல்லா எடத்துலயும் பேர போட்றலாமா? பாலியல் கொடுமைக்கு ஆளான சின்னப் புள்ளைங்க பேரு, முகம் ரெண்டுமே வெளிய வரக்கூடாது. பேர நோட்டுல எழுதி வைங்க, அச்சுல வேணாம்.

இன்னொண்ணு, காப்பாத்தவே முடியாத நெலமையும் இருக்கு. 1985-ல கொலம்பியால எரிமலை வெடிச்சு அர்மேரோ ஊரே சேத்துல பொதஞ்சப்போ ஒமைரா சாஞ்செஸ்னு 13 வயசுப் பொண்ணு இடிபாட்டுல மாட்டிக்கிச்சு, தண்ணிய எறைக்க சரியான பம்ப் வந்து சேரல. கடைசி நேரத்துல ஃப்ராங்க் ஃபூர்னியே படம் எடுத்தாரு. அவரு கேமராவ தூக்கிப் போட்டிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்? அந்தப் படத்தாலதான் அரசாங்கம் ஏன் தூங்குச்சுன்னு உலகமே கேட்டுச்சு.

நிழல்பித்தன்:
அப்போ காப்பாத்த முடிஞ்சா?

டெஸ்க்_பழசு:
பக்கத்துல வேற ஆளு இல்ல, உன்னால முடியும்னா கேமராவ விட்று, இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. 2017-ல சிரியால, அலெப்போ பக்கம் பஸ்ஸுங்க மேல குண்டு வெடிச்சப்போ அப்துல்காதர் ஹபாக்னு ஒரு போட்டோகிராஃபர் அடிபட்ட பையன தூக்கிட்டு ஆம்புலன்ஸுக்கு ஓடுனாரு. அவரு ஓடுனது நமக்கு எப்படித் தெரியும்? இன்னொருத்தன் அத படம் எடுத்தான். ரெண்டு பேருல எவனத் திட்டுவீங்க?

சும்மா_ஒருத்தன்:
எல்லாரும் எடுக்கற நிமிஷத்தையே பேசுறீங்க, அதுக்கப்புறம் அம்பது வருஷம் அந்தப் படத்தோட வாழறவங்கள யாரு கேக்கறது. டோரதியா லாங்கேங்கற போட்டோகிராஃபர் 1936-ல கலிஃபோர்னியால எடுத்த, வறுமைல வாடுன ஒரு அம்மாவோட படம் ஸ்டாம்ப் வரைக்கும் போச்சு, லாங்கே அவங்க பேரக்கூட கேக்கல. 1978-லதான் ஃப்ளாரன்ஸ் தாம்சன்னு வெளிய வந்துச்சு. அவங்களுக்கு ஒரு காசு வரல, எடுக்க விட்டிருக்கவே கூடாதுன்னு நொந்துக்கிட்டாங்க. லாங்கே எடுத்தது அரசாங்க வேலைக்கு, அவங்களும் அதுல நேரா காசு பாக்கல, அது வேற. ஆனா பிரைஸ் பணம் வாங்கறவங்க ஒரு தடவயாச்சும் திரும்பிப் போய் படத்த அவங்க கைல குடுத்துட்டு வரலாம்ல, அதுக்கு என்ன ரூல்ஸ் வேணும்? அசைன்மென்ட்ல கார்ட்டர் நல்லவரா கெட்டவரான்னு எழுதாம இத எழுதுங்க, மார்க் வரும்.