அமெரிக்க வண்டி உலக சூப்பர்பைக்கில் ஜெயிக்குமா? தடை எங்கே: என்ஜினா, சேஸியா, விதியா?

மூணாம்கியர்:
பேகர் (பக்கப்பெட்டி வெச்ச பெரிய டூரிங் பைக்) பந்தயம் பார்க்கிறவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல வர்ற கேள்விதான். 2020-ல லகுனா செகாவில் ஒரே ஒரு அழைப்புப் பந்தயமா ஆரம்பிச்ச கிங் ஆஃப் தி பேகர்ஸ், இப்போ ஹார்லி டேவிட்சனும் இந்தியன் மோட்டார்சைக்கிளும் தொழிற்சாலை அணிகளோட மோதுற தொடரா ஆயிடுச்சு. 2021-ல கைல் வைமன் ஹார்லியில, 2022-ல டைலர் ஓ'ஹாரா இந்தியன்ல, 2023-ல ஹேடன் கில்லிம் ஹார்லியில, 2024-ல ட்ராய் ஹெர்ஃபாஸ் இந்தியன்ல. பட்டம் வருஷா வருஷம் கை மாறுது. டேடோனா நேர்பாதையில மணிக்கு 180 மைல் தாண்டுது. பணம், பொறியாளர், ஓட்டுநர் எல்லாம் இருக்கு.

அப்புறம் ஏன் உலக சூப்பர்பைக்கிலோ (கடையில விக்கிற வண்டியைத் திருத்தி ஓட்டுற உலகத் தொடர்), அமெரிக்கத் தொடரான மோட்டோஅமெரிக்கா சூப்பர்பைக்கிலோ ஒரு அமெரிக்க வண்டிகூட முன்வரிசையில இல்லை? பேகர்ல கத்துக்கிட்டது அங்கே உதவாதா? ப்யூவெல் மாதிரி ஒரு நிறுவனம் 2009-ல அமெரிக்கப் பட்டமே ஜெயிச்சது, ஆனா அதே வழியில வந்த ஈபிஆர் (எரிக் ப்யூவெல் ரேசிங்) உலக சூப்பர்பைக்கில் ஏன் தேறலை? “அவங்களுக்கு ஆர்வம் இல்லை”ங்கிற பதில் வேண்டாம். எந்தப் பாகம், எந்த விதி, எந்த எண்ணிக்கையில மாட்டிக்குது, அதைச் சொல்லுங்க.

வால்வுக்கணக்கு:
என்ஜினிலிருந்து ஆரம்பிக்கலாம். பேகர் அனுபவம் ஏன் அப்படியே மாறாது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பேகர் வகுப்பில் ஓடும் ஹார்லி ரோட் க்ளைடின் 131 கன அங்குல என்ஜினில் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 114.3 மிமீ. அதை நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓட்டினால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 26.7 மீட்டர். ஈபிஆர் 1190ஆர்எக்ஸில் ஸ்ட்ரோக் 67.5 மிமீ, உச்சத் திறன் வருவது 10,600 சுற்றில், பிஸ்டன் வேகம் 23.9 மீட்டர்தான். அதாவது பேகர் என்ஜின் உலோகத்தின் எல்லையை ஏற்கெனவே தொட்டுக்கொண்டு நிற்கிறது. திறன் அங்கே கொள்ளளவிலிருந்து வருகிறது, சுற்றிலிருந்து அல்ல. அந்த அணிகள் தேர்ந்திருப்பது வால்வைத் தள்ளும் தண்டான புஷ்ராடைக் காப்பாற்றுவது, கிராங்க் வளையாமல் பார்ப்பது, எண்ணெயின் சூட்டை இறக்குவது. 1200 சிசி வரம்புக்குள் சுற்றை ஏற்றிக் காற்றை உள்ளே தள்ளுவது வேறு வித்தை.

சூப்பர்பைக்கில் இரட்டை சிலிண்டருக்கு 2008 முதல் 1200 சிசி வரை அனுமதி உண்டு. நாலு சிலிண்டருக்கு 1000. அந்த 200 சிசி சலுகை தாராளமாகத் தோன்றும். வால்வுப் பரப்பைக் கணக்கிட்டால் அவ்வளவு தாராளம் இல்லை. டுகாட்டி 1199 பனிகாலே இந்த வரம்புக்காகவே செய்த வண்டி: போர் (சிலிண்டரின் விட்டம்) 112, ஸ்ட்ரோக் 60.8 மிமீ, 10,750 சுற்றில் 195 குதிரைத்திறன். ஈபிஆர் 1190ஆர்எக்ஸ்: 106 க்கு 67.5, 185 குதிரைத்திறன். கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் டுகாட்டியின் போர் பரப்பு 11 சதவீதத்துக்கு மேல் அதிகம், அந்த அளவுக்குப் பெரிய வால்வுகளை வைக்கலாம். பிஸ்டன் வேகம் 10,750 சுற்றில் 21.8 மீட்டர் மட்டுமே. பந்தயத்துக்காக இன்னும் 1,000 சுற்று ஏற்ற இடம் மிச்சம். ஈபிஆருக்கு அந்த இடம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. சாலை வண்டியாக 10 குதிரை வித்தியாசம், பந்தய வண்டியாக அதைப்போல் பல மடங்கு.

இதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை. அந்த என்ஜின் 2007-ல் வந்த ப்யூவெல் 1125ஆர் வண்டிக்காக ரோட்டாக்ஸ் செய்த 72 டிகிரி ஹெலிகான். அதில் 103 க்கு 67.5. சாலையில் இழுவை வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ஸ்ட்ரோக் அது. ஈபிஆர் அந்த ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்துக்கொண்டு போரை மட்டும் 3 மிமீ பெரிதாக்கியது. புது கிராங்க், புது கேஸ், புது ஹெட் என்று போக அந்த அளவு நிறுவனத்திடம் பணம் இருந்திருக்காது.

ஹார்லியின் பழைய பந்தய வண்டியான விஆர்1000-ஐயும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 60 டிகிரி, 98 க்கு 66, 996 சிசி. 1994 மார்ச்சில் டேடோனாவில் இறங்கியபோது அந்த அளவுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டுகாட்டி 916-இன் போரே 94 தான். குறை வேறு இடத்தில்: எண்பதுகளின் கடைசியில் வரையத் தொடங்கிய வண்டி 1994-ல்தான் தடத்துக்கு வந்தது, அதற்குள் எதிராளிகளின் திறன் ஏறிவிட்டது. 2001 வரை ஓடியும் அமெரிக்கத் தொடரான ஏஎம்ஏ சூப்பர்பைக்கில் ஒரு வெற்றிகூட இல்லை.

பிட்சுவர்:
என்ஜின் கணக்கு சரி. ஆனா ஈபிஆர் 2014-ல உலக சூப்பர்பைக்கில் திணறினதுக்கு என்ஜின் பாதிதான் காரணம். மீதி முன்சக்கரத்துல இருக்கு.

ப்யூவெல் வண்டிகளோட அடையாளமே விளிம்பில் பொருத்தின ஒற்றை டிஸ்க். 1125ஆர்-ல 375 மிமீ, 1190-ல 386 மிமீ, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற 8 பிஸ்டன் காலிப்பர். யோசனை அழகானது. பிரேக் விசை டிஸ்க்கிலிருந்து நேரா விளிம்புக்குப் போகுது, ஆரங்கள் அதைச் சுமக்க வேண்டாம், அதனால சக்கரத்தை மெலிசா வார்க்கலாம். ஒரு டிஸ்க், ஒரு காலிப்பர் எடை மிச்சம். சாலையில நல்லா வேலை செய்யும். அமெரிக்கத் தடங்கள் பலதுலயும் ஓரளவு தாங்கும்.

இப்ப ஓட்டுநரோட சேர்த்து 250 கிலோ வண்டியை 300 கிமீ வேகத்திலிருந்து 100-க்கு இறக்குங்க. சுமார் 770 கிலோஜூல், சில நொடிக்குள்ள. பெரும்பகுதி முன் டிஸ்க்குக்குத்தான். மத்தவங்க அதை ரெண்டு டிஸ்க்குல பிரிச்சுக்கறாங்க, ஈபிஆர் ஒண்ணுலயே வாங்கணும். சூடேறினா லீவர் கைப்பிடி நோக்கி வரும், ஓட்டுநர் அடுத்த லேப்ல 10 மீட்டர் முன்னாடியே பிரேக் போடுவார், லேப் நேரம் அங்கேயே போச்சு. இழுப்பு முழுக்க ஃபோர்க்கோட ஒரே காலில் விழுது, அதனால உள்ளே புஷ் உராய்வு ரெண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்காது. அதைவிட நடைமுறைத் தொல்லை என்னன்னா, மத்த அணிகள் சந்தையில கிடைக்கிற பந்தய காலிப்பர், டிஸ்க், ஃபோர்ஜ்டு சக்கரம் எதையும் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். இங்கே சக்கரமே தனி வடிவம். பேட் கலவையிலிருந்து சக்கரம் வரைக்கும் எல்லாத்தையும் நீங்களே சோதிக்கணும்.

அடுத்தது வண்டியோட சட்டம், அதாவது ஃபிரேம். எரிபொருள் சட்டத்துக்குள்ளேயே இருக்கு. எடை கீழே, நடுவில, நல்லது. ஆனா சூப்பர்பைக் சேஸிங்கிறது சீசன் முழுக்க வெட்டி ஒட்டிப் பார்க்கிற சாமான். ஒரு இடத்துல விறைப்பைக் கூட்டணும், இன்னொரு இடத்துல குறைக்கணும். சட்டமே தொட்டியா இருந்தா ஒவ்வொரு வெல்டிங்குக்கும் முன்னாடி ஆவியை முழுசா வெளியேத்தணும், பின்னாடி கசிவு சோதனை. சாதாரண இரட்டை பீம் சட்டத்துல ஒரு மாலையில முடியற வேலை இங்கே நாள் கணக்குல இழுக்கும். பந்தய வார இறுதியில நாள் கணக்கு ஏது?

பெல்ட்டைப் பத்தியும் ஒண்ணு. சாலை 1125ஆர் பெல்ட் வண்டி, பந்தயத்துல செயினுக்கு மாத்தித்தான் ஓட்டினாங்க. பெல்ட் நீளம் நிலையானது, புல்லி அளவு ரெண்டு மூணுதான். செயின்ல பின் ஸ்ப்ராக்கெட்டுல ஒரு பல் கூட்டினா அச்சு சுமார் 4 மிமீ முன்னே வரும், பல் குறைச்சா பின்னே போகும். வீல்பேஸும் ஸ்விங்ஆர்ம் கோணமும் அதோட சேர்ந்து மாறும். 1125ஆர் மாதிரி 1387 மிமீ வீல்பேஸ், 21 டிகிரி ஸ்டீயரிங் கோணம் உள்ள குட்டை வண்டியில 4 மிமீ நல்லாவே தெரியும். வளைவுக்குள்ள சட்டுனு திரும்பும், ஆனா வெளியே வரும்போது முன்சக்கரம் தூக்கும். கியர் மாத்தின உடனே பின் உயரத்தையும் திருத்தாம விட்டா ஓட்டுநர் “டயர் போச்சு”ன்னு சொல்வார். டயர்ல குறை இருக்காது.

மூணாம்கியர்:
அப்போ 2009-ல எப்படி ஜெயிச்சாங்க? டேனி எஸ்லிக் அதே பிரேக், அதே சட்டத்தோடதானே ஓட்டினார்?

பிட்சுவர்:
வகுப்பைப் பாருங்க. அது டேடோனா ஸ்போர்ட்பைக். எதிரே நின்னது 600 சிசி நாலு சிலிண்டர்கள். 1125 சிசி இரட்டை சிலிண்டரை அந்த வகுப்புல அனுமதிச்சதே அப்போ பெரிய சர்ச்சை. வளைவிலிருந்து வெளியே வர்ற இழுவை கையில இருந்தா பிரேக்கைக் கடைசி மீட்டர் வரைக்கும் நம்பி ஓட்ட வேண்டியதில்லை. எஸ்லிக் ஓட்டினதும் குறைச்சு மதிப்பிடக்கூடியது இல்லை. ஆனா அந்தப் பட்டத்தை வெச்சு உலக சூப்பர்பைக்கைக் கணிக்க முடியாது. அதே வருஷம் அக்டோபர்ல ஹார்லி ப்யூவெலை மூடறதா அறிவிச்சது, அது இந்தக் கதையோட கசப்பான பகுதி.

விதிப்புத்தகம்:
மேலே இருவரும் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் முதல் கதவு விதியும் விற்பனையும்தான் என்பேன். வண்டி வேகமா மெதுவா என்ற கேள்வி அதற்குப் பிறகு வருகிறது.

உலக சூப்பர்பைக்குக்கு ஹோமோலோகேஷன் வேண்டும், அதாவது அது கடையில் விற்கும் சாலை வண்டிதான் என்ற அங்கீகாரம். முதல் பரிசோதனைக்கு 125 வண்டி, முதல் ஆண்டு முடிவில் மொத்தம் 250, இரண்டாம் ஆண்டு முடிவில் 500. பெரிய எண்ணிக்கை இல்லை என்று தோன்றும். விஆர்1000 காலத்தில் 50 சாலை வண்டி செய்து, அதையும் போலந்தில் பதிவு அனுமதி வாங்கிச் சமாளித்தார்கள். இன்று 500 வண்டியையும் யாராவது வாங்க வேண்டும், விலைக்கும் உச்சவரம்பு இருக்கிறது. கார்பன் சட்டம் போட்டு லட்சக்கணக்கான டாலருக்கு 20 பேருக்கு விற்கும் வழி அடைபட்டுவிட்டது. ஈபிஆர் விழுந்தது இந்த இடத்தில். 2013-ல் ஹீரோ மோட்டோகார்ப் 49.2 சதவீதப் பங்கு வாங்கியது, 2014-ல் ஜெஃப் மே, ஏரன் யேட்ஸ் இருவரோடு உலகத் தொடர், 2015 ஏப்ரலில் நிறுவனம் மூடல். பந்தயச் செலவும் விற்பனை வலையமைப்பைக் கட்டும் செலவும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டையும் தாங்கும் வருமானம் இல்லை.

இன்று அமெரிக்கப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹார்லியின் ரெவல்யூஷன் மேக்ஸ் 1250: 105 க்கு 72.3, 1252 சிசி. வரம்பைத் தாண்டுகிறது. 2025-ல் நிறுத்தப்பட்ட இந்தியன் எஃப்டிஆர்: 102 க்கு 73.6, 1203 சிசி. 3 சிசியில் வெளியே நின்றது! பந்தய வகுப்பை மனதில் வைத்து வரைந்தவர் எவரும் 1203-இல் நிறுத்தியிருக்க மாட்டார். அந்த 3 சிசியே அவர்கள் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

மோட்டோஜிபிக்கு ஹோமோலோகேஷன் தொல்லை இல்லை, முன்மாதிரி வண்டி போதும். 2027 முதல் 850 சிசி, போர் அதிகபட்சம் 75 மிமீ. நாலு சிலிண்டர் என்றால் ஸ்ட்ரோக் 48.1 மிமீ ஆகிவிடும். எல்லோரும் புதிதாகத் தொடங்குவதால் நுழைய ஏற்ற நேரம் என்று சொல்லலாம். ஆனால் காற்றழுத்த வால்வு, தடையற்ற கியர், காற்றியக்கம் மூன்றிலும் முன் அனுபவம் இல்லாதவருக்கு “புதிதாக” என்பது பெயரளவில்தான். ஹார்லி அங்கே எடுத்த முடிவு வேறு: மோட்டோஜிபி வார இறுதிகளிலேயே 2026 முதல் ரோட் க்ளைடு மட்டும் ஓடும் பேகர் உலகக் கோப்பை, 6 சுற்று. விளம்பரக் கணக்கில் அது புத்திசாலித்தனம். எதிராளியே இல்லாத தொடரில் தோற்க முடியாது.

மூணாம்கியர்:
ரெவல்யூஷன் மேக்ஸை 1200-க்குள்ள இறக்கினா? 60 டிகிரி, இரட்டை கேம், நீர்க்குளிர்ச்சி, என்ஜினே சட்டத்தோட பகுதி. காகிதத்துல எல்லாம் இருக்கே.

வால்வுக்கணக்கு:
கணக்குப் போட்டால் வரும். போர் 105-ஐ அப்படியே வைத்து ஸ்ட்ரோக்கை 69 ஆக்கினால் 1195 சிசி. 10,600 சுற்றில் பிஸ்டன் வேகம் 24.4. ஈபிஆர் நின்ற இடத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். பனிகாலே அருகில் போக 112 போர் வேண்டும், அதற்கு சிலிண்டர் இடைவெளி, ஹெட், ஸ்டட் எல்லாம் மாறும். அப்போது அது ரெவல்யூஷன் மேக்ஸ் இல்லை.

அதற்கு முன் வால்வு அமைப்பு. அந்த என்ஜினில் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது ஹைட்ராலிக். சாலையில் வரம், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்ற வேண்டியதே இல்லை. சுற்று ஏறி வால்வு ஸ்பிரிங் கொஞ்சம் பின்தங்கினால், கிடைத்த இடைவெளியை எண்ணெய் உடனே நிரப்பிவிடும். வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும், இன்னும் மோசமானால் பிஸ்டனைத் தொடும். பந்தயத்துக்கு ஷிம்முக்கு மாற வேண்டும். கேம்களின் நேரத்தை மாற்றும் கருவிகளும் முன் ஹெட்டுக்குள் இருக்கும் இரண்டாவது பேலன்சரும் உயரத்தில் எடையைச் சேர்க்கின்றன. ஹார்லியின் பான் அமெரிக்கா பைக்கில் 150 குதிரை தரும் என்ஜினுக்கு இவை பொருத்தம். 200-ஐத் தாண்ட வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றும் சுமை.

விதிப்புத்தகம்:
அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உலக சூப்பர்பைக்கில் போரும் ஸ்ட்ரோக்கும் ஹோமோலோகேட் செய்த சாலை வண்டியில் இருந்தபடியே இருக்க வேண்டும். பந்தய அறையில் 69 மிமீ கிராங்க்கை மாட்டிக்கொண்டு வர முடியாது. கடையில் விற்கும் 500 வண்டியிலும் அதே கிராங்க் இருக்க வேண்டும். பின்தங்கும் நிறுவனங்களுக்குச் சலுகைப் பாகங்கள் உண்டு, ஆனால் அவற்றாலும் ஸ்ட்ரோக்கை மாற்ற முடியாது.

உண்மையிலேயே நுழைய நினைக்கும் அமெரிக்க நிறுவனத்துக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, என்ஜினை வெளியிலிருந்து வாங்குவது. 2025-ல் பிமோட்டா கவாசாகி என்ஜினோடு உலக சூப்பர்பைக்கில் இறங்கியது, விதியில் இடம் இருக்கிறது. மற்றொன்று, சூப்பர்பைக்குக்கு அடுத்த வகுப்பான சூப்பர்ஸ்போர்ட். 2022 முதல் அங்கே 955 சிசி டுகாட்டி வி2, 765 சிசி ட்ரையம்ப், 800 சிசி எம்வி அகுஸ்டா எல்லாம் 600 சிசி வண்டிகளோடு ஓடத் தொடங்கின. எடை, த்ராட்டில் திறப்பு, சுற்று வரம்பு மூன்றையும் வைத்துச் சமன்செய்கிறார்கள். 97 க்கு 66 அளவுள்ள ரெவல்யூஷன் மேக்ஸ் 975 கொள்ளளவில் அந்த டுகாட்டிக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் ஹார்லி நைட்ஸ்டரில் அது சுமார் 90 குதிரை, அந்த வி2 தந்தது 155. சமன்செய்யும் விதி வேகமான வண்டியை இழுத்துப் பிடிக்கும். மெதுவான வண்டிக்கு 60 குதிரையைக் கொண்டுவந்து கொடுக்காது.

பிட்சுவர்:
முதல் வழியில போறதா இருந்தா ஒரே வேண்டுகோள்: முன்னாடி ரெண்டு டிஸ்க்.