மஹாலியா குரல் கொடுத்தாரா, இல்லையா?

இசைத்தட்டுப் பைத்தியம்:
எட்டுக்கட்டை நேற்று வேறோர் இழையில் இப்படி எழுதியிருக்கிறார்: "காஸ்பல் எனும் கிறித்தவப் பக்திப் பாடல்களின் பாடகி மஹாலியா ஜாக்சன் பின்னாலிருந்து 'அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள், மார்ட்டின்' என்று குரல் கொடுத்திராவிட்டால் அப்படி ஓர் உரையே உலகத்துக்குக் கிடைத்திருக்காது." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில் 'எனக்கொரு கனவு உண்டு' என்று முழங்கிய மார்ட்டின் லூதர் கிங்கின் கையில் இருந்த தாளில் அந்தக் கனவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கனவு அன்றைக்கா பிறந்தது? அதே ஆண்டு ஜூன் 23-இல் டெட்ராய்டில் சொன்னார். அதற்கு முந்தைய நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் சொன்னார். அங்கெல்லாம் யார் குரல் கொடுத்தார்கள்?

எட்டுக்கட்டை:
வாருங்கள், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். உரையின் வரைவை எழுதியவர்களில் ஒருவரான கிளாரன்ஸ் ஜோன்ஸ் மேடைக்கு அருகில் நின்று அந்தக் குரலைத் தம் காதால் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் காது அன்று எங்கே இருந்தது?

இசைத்தட்டுப் பைத்தியம்:
ஜோன்ஸ் கேட்டார், சரி. கிங் கேட்டாரா? அதுதான் கேள்வி. கிங் சில மாதங்கள் கழித்து விளக்கம் சொன்னார்: தாளைப் படித்துக்கொண்டே வந்தேன், கூட்டத்தின் வரவேற்பைப் பார்த்ததும் முன்பு பல முறை பயன்படுத்திய அந்தக் கனவு திடீரென்று நினைவுக்கு வந்தது என்று. அதில் மஹாலியாவின் பெயர் இல்லை. இல்லவே இல்லை.

எட்டுக்கட்டை:
பெயர் சொல்லவில்லை என்றால் நடக்கவில்லை என்றாகிவிடுமா? சாப்பிட்டவன் சமைத்தவளின் பெயரைச் சொல்லாவிட்டால் சோறு தானாக வெந்தது என்பீர்கள் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வாசகி:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். மஹாலியா பாடி முடித்த கையோடு கிங் பேச எழுந்தார். பாட்டின் சூடு ஆறாத மேடை அது. குரலும் தூண்டியிருக்கும், மனமும் தூண்டியிருக்கும். இதில் என்ன சண்டை?

இசைத்தட்டுப் பைத்தியம்:
பாடி முடித்த கையோடு அல்ல. இடையில் யூத மதகுரு யோவாகிம் பிரின்ஸ் பேசினார். சமாதானம் பேச வருகிறவர்கள் நிகழ்ச்சி நிரலையாவது ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம்.

வெள்ளிக்கிழமை வாசகி:
திருத்தத்துக்கு நன்றி. அந்தத் தொனிக்கு நன்றி இல்லை.

கடைசி வரிசை:
இவர் எப்போதும் இப்படித்தான். போன மாதம் மஹாலியா பிறந்தது 1911-ஆ 1912-ஆ என்று மூன்று நாள் தொண்டைத் தண்ணீர் வற்ற வைத்தார். மஹாலியாவே தாம் பிறந்தது 1912 என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்.

இசைத்தட்டுப் பைத்தியம்:
1911 அக்டோபர் 26, நியூ ஆர்லியன்ஸ். அந்த இழையிலும் நான் சொன்னதுதான் சரி.

எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று ஒரு முறையாவது கேளுங்கள். மஹாலியா பதினாறு வயதில் சிகாகோவுக்கு வந்து, தேவாலயம் தேவாலயமாகப் பாடிப் பிழைத்தவர். புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தும், புளூஸ் பாடினால் பணம் கொட்டும் என்று தெரிந்தும், இரவு விடுதிப் பக்கம் போகாதவர். 1947-இல் அப்பல்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடிய 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' என்ற ஒரு பாட்டு அவரை நாடறிய வைத்தது. 1950-இல் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் கச்சேரி. 1958-இல் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனுடன் ஒரு முழு இசைத்தொகுப்பு. சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியதற்காக அவர் வீட்டு ஜன்னலைத் துப்பாக்கியால் சுட்டார்கள். இவ்வளவு பெரிய வாழ்க்கையை ஒரு கூச்சலுக்குள் அடைக்கிறீர்கள். என் அலமாரியில் அவருடைய இசைத்தட்டுகள் பதினான்கு இருக்கின்றன. உங்களிடம் எத்தனை?

எட்டுக்கட்டை:
பதினான்கு வைத்திருப்பவருக்கு அந்த 1947 பாட்டை எழுதியவர் தாமஸ் டார்சி என்று சொல்லத் தோன்றவில்லையே!

இசைத்தட்டுப் பைத்தியம்:
தோன்றாது, ஏனென்றால் எழுதியவர் டார்சி அல்ல. மெம்பிஸ் போதகர் ஹெர்பர்ட் புரூஸ்டர். டார்சி எழுதியது 'டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்ட்' என்ற வேறு பாட்டு, 1932-இல் மனைவியையும் பச்சிளங்குழந்தையையும் இழந்த துக்கத்தில். அந்தப் பாட்டைத்தான் 1968-இல் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹாலியா பாடினார். இதுகூடத் தெரியாமல்தான் அந்தக் குரலைப் பற்றித் தீர்ப்பு எழுதினீர்களா?

எட்டுக்கட்டை:
பாட்டாசிரியர் விஷயத்தில் சறுக்கினேன், இருக்கட்டும். அவர் குரல் கொடுத்தாரா, இல்லையா?

இசைத்தட்டுப் பைத்தியம்:
கொடுத்திருக்கலாம். அதனால்தான் கிங் பேசினார் என்பதற்கு என்ன சான்று?

எட்டுக்கட்டை:
ஆக, கொடுத்தார் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

இசைத்தட்டுப் பைத்தியம்:
"கொடுத்திருக்கலாம்" என்பதும் "கொடுத்தார்" என்பதும் ஒன்றா? தமிழ் தெரியுமா, தெரியாதா?

கடைசி வரிசை:
தமிழ் என்றதும் நினைவுக்கு வருகிறது. "மஹாலியா" என்று ஏன் எழுதுகிறீர்கள்? "மகாலியா" என்று எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

இசைத்தட்டுப் பைத்தியம்:
பெயரை அவரவர் ஒலித்தபடி எழுதுவதுதான் மரியாதை. 1971-இல் அவர் இந்தியாவுக்கு வந்து சென்னையில்கூடப் பாடினார். அன்றைக்கு நீங்கள் அரங்கில் இருந்திருந்தால் "க"வைப் போடுங்கள் அம்மா என்று கேட்டிருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை வாசகி:
சென்னையில் பாடினாரா? அதைப் பற்றி எழுதுங்களேன், இந்தக் கூச்சல் விவகாரத்தைவிட அது எவ்வளவோ மேல்.

எட்டுக்கட்டை:
பேச்சை மாற்றாதீர்கள். கனவு பழைய சரக்கு, மீண்டும் எடுக்காதீர்கள் என்று முந்தைய இரவு கிங்கின் உதவியாளர் வையட் வாக்கரே அவருக்கு ஆலோசனை சொன்னார். அதையும் மீறி எடுத்திருக்கிறார் என்றால் யாரோ தூண்டியிருக்கிறார்கள். அந்த யாரோ யார்?

இசைத்தட்டுப் பைத்தியம்:
சுமார் இரண்டரை லட்சம் பேர் எதிரே நிற்கிறார்கள். அந்தத் தூண்டுதல் போதாதா ஒரு போதகருக்கு? எதிரே நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேச்சு மாறும். கருப்பினத் தேவாலயங்களில் போதகர் பேசும்போது சபையும் குரல் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், அது அவர்கள் வழக்கம். மஹாலியாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். தாம் வரலாறு படைப்பதாக அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

எட்டுக்கட்டை:
"சொல்லியிருப்பார்." இரண்டாவது முறை ஒப்புக்கொண்டாயிற்று.

இசைத்தட்டுப் பைத்தியம்:
உங்களோடு பேசுவதைவிடத் தேய்ந்த முள்ளை இசைத்தட்டில் ஓட்டலாம். கிங்கின் விளக்கத்தில் அவர் பெயர் இல்லை. நான்காவது முறை சொல்கிறேன்.

கடைசி வரிசை:
இரண்டாவது முறைதான். எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.