மறுமொழி: காப்பிரைட்டிங் – ‘பயனுரை’ எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை ஒரு வரி விடாமல் படித்துவருகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அச்சகம் வைத்திருக்கிறேன். துண்டறிக்கை, பதாகை, கல்யாணப் பத்திரிகை, முகநூல் விளம்பரம் என்று எல்லாம் இங்கேதான் தயாராகின்றன. வாரத்துக்கு நாலு பேராவது “மேட்டரை நீங்களே எழுதிடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். விளம்பரத்துக்கான அந்த ‘மேட்டர்’ எழுதுகிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் காப்பிரைட்டிங் என்கிறார்கள், அதற்குத்தான் நாம் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். எனக்கு அது அன்றாடம் வேண்டிய சொல், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> ‘காப்பி’ என்றால் நகல், படி. ‘நகலெழுத்து’ அல்லது ‘படியெழுத்து’ என்று எடுத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. இங்கே ‘காப்பி’ என்பது அச்சுக் கோப்பவரிடம் கொடுக்கும் மூல எழுத்து. நம் அச்சகங்களில் அதைத்தான் மேட்டர் என்கிறோம். ‘நகல்’ என்று வைத்தால் எங்கோ பார்த்து எழுதியது என்ற பொருள் வந்துவிடும். சொந்தமாக யோசித்து எழுதுகிறவருக்கு அதைவிட மோசமான பெயர் இருக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. காப்பிரைட்டிங், காப்பிரைட் இரண்டும் தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிகின்றன. பின்னதற்குப் பதிப்புரிமை, காப்புரிமை என்று ஏற்கெனவே இரண்டு சொற்கள் புழங்குகின்றன. இந்தக் குழப்பத்தை நாமும் பெருக்க வேண்டியதில்லை.

‘விளம்பர வாசகம்’ நல்ல சொல்தான். ஆனால் மக்கள் அதைக் கடைப்பெயருக்குக் கீழே வரும் ஒற்றை வரிக்குப் பழக்கிவிட்டார்கள், அங்கேயே இருக்கட்டும்.

> 1904இல் ஜான் கென்னடி சொன்னதுபோல் விளம்பரம் என்பது அச்சில் நடக்கும் விற்பனைத்திறன். எனவே ‘விற்பனை எழுத்து’ என்பதே நேரடியானது.

இந்தக் கென்னடி விளம்பரம் எழுதிய கனடாக்காரர். சிகாகோவின் லார்டு அண்ட் தாமஸ் விளம்பர நிறுவனத்தில் இருந்த ஆல்பர்ட் லாஸ்கரிடம் அவர் இதைச் சொன்ன பிறகு விளம்பரத் தொழிலின் போக்கே மாறியது என்பது உண்மை. ஆனால் ‘விற்பனை எழுத்து’ என்ற பெயரில் விற்கிறவர் மட்டும்தானே நிற்கிறார்? வாங்குகிறவரைக் காணோம். நம் கடைக்காரர்கள் எழுதிக்கொண்டு வரும் மேட்டரில் உள்ள குறையும் இதுவேதான். “நாங்கள் 20 ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், எங்களிடம் எல்லா ரகமும் உண்டு, எங்கள் இயந்திரம் புதியது.” எல்லாம் எங்கள், எங்கள். படிக்கிறவர் தன்னைத் தேடிப் பார்க்கிறார், எங்கும் இல்லை.

போன ஆண்டு பள்ளி திறக்கும் நேரத்தில் நடந்தது. எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அக்கா, பள்ளிச் சீருடைக்கு ஒரு துண்டறிக்கை கேட்டார். அவர் கொடுத்த மேட்டரை அப்படியே கோத்து புரூப் எடுத்து மேசைமேல் வைத்திருந்தேன்:

“உயர்தர 65/35 பாலியெஸ்டர் பருத்திக் கலவைத் துணி. இரட்டைத் தையல். 2 அங்குல உள்மடிப்பு.”

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தை போட்டோஸ்டாட் எடுக்க ஒரு தாய் வந்திருந்தார். தோட்டத்தில் வேலை. காத்திருந்த நேரத்தில் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, அறுபத்தஞ்சு வெள்ளியா, முப்பத்தஞ்சு வெள்ளியா? எது விலை?”

விலை இல்லைம்மா, துணியில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது, முழுப் பருத்தியைவிடச் சீக்கிரம் காயும் என்றேன். உடனே அவர் முகம் மாறியது. “அப்ப ராத்திரி அலசிப் போட்டா காலையில போட்டு அனுப்பலாமா? எங்க வீட்டுல ரெண்டு பையன், ஆளுக்கு ரெண்டு சட்டைதான். மழை பிடிச்சா காயவே மாட்டேங்குது. அதை எழுத வேண்டியதுதானே?” உள்மடிப்பு எதற்கு என்று அடுத்துக் கேட்டார். பையன் உயரமாக வளர்ந்தால் பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்றதும், “அப்ப அடுத்த வருஷமும் ஓட்டிடலாம்” என்று அவரே முடித்தார்.

அன்று மாலையே அக்காவிடம் பேசி மேட்டரை மாற்றினேன். “இரவு அலசுங்கள், காலையில் உடுத்தி அனுப்புங்கள். பையன் வளர்ந்தால் மடிப்பைப் பிரித்து 2 அங்குலம் இறக்கிக்கொள்ளலாம்.” 65/35 என்பதை எடுத்துவிடவில்லை. அடியில் சின்ன எழுத்தில் ‘பாலியெஸ்டர் பருத்திக் கலவை’ என்று சேர்த்தே போட்டேன். ஏன் சீக்கிரம் காய்கிறது என்று கேட்பவருக்கு அதுதான் சான்று. அன்றிலிருந்து எந்த மேட்டர் வந்தாலும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் “அதனால் வாங்குகிறவருக்கு என்ன?” என்று பென்சிலால் எழுதிவைத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஹார்வர்டு பேராசிரியர் தியோடர் லெவிட் பரவலாக்கிய உவமையில், கால் அங்குலத் துளைக்கருவி வாங்குபவர் வேண்டுவது கருவியை அல்ல, கால் அங்குலத் துளையை. அந்தத் தாய் வேண்டியது காய்ந்த சட்டை.

ஆகவே சொல் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பிறக்க வேண்டும். நான் முன்வைப்பது: பயனுரை.

இது புதிதாக இட்டுக்கட்டியதும் அல்ல. நன்னூல் என்ற பழைய இலக்கண நூல், சிறப்புப் பாயிரம் (நூலுக்கு எழுதும் முன்னுரை) சொல்ல வேண்டியவை என்று எட்டுச் செய்திகளை அடுக்குகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். நூலை எழுதியவர் யார் என்பதில் தொடங்கிக் கேட்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதில் முடிகிறது. யாருக்குச் சொல்கிறோம், அவருக்கு என்ன பயன் என்ற இரண்டு கேள்வியும் நம் பாயிர மரபிலேயே இருக்கின்றன. இதே நன்னூல் பாயிரத்துக்கு ‘புனைந்துரை’ என்றும் ஒரு பெயர் தருகிறது. தைப்பிங் ஆசிரியர் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். ஆசைப்படத்தக்க சொல்தான். ஆனால் இன்றைய வாசகருக்குப் ‘புனைவு’ என்றால் கற்பனைக் கதை. சீருடை விற்பவர் தன் துண்டறிக்கையைப் புனைந்துரை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

குறளில் வரும் ‘வேட்ப மொழிவதாம் சொல்’ என்பதிலிருந்து ‘வேட்புரை’ என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். கருத்து மிகப் பொருத்தம். கேட்பவர் விரும்பும்படி பேசுவதுதானே இந்த வேலை. ஆனால் வேட்பாளர், வேட்புமனு என்று தேர்தலுக்கு அந்த வேர் போய்விட்டது. வேட்புரை என்றால் கூட்டத்தில் ஓட்டுக் கேட்கும் பேச்சு என்றே எங்கள் ஊரில் எடுத்துக்கொள்வார்கள்.

> ‘பலனுரை’ எளிதாக இருக்குமே. பேச்சில் பலன் என்றுதானே சொல்கிறோம்?

பலன் என்றதும் ராசிபலன் நினைவுக்கு வருகிறது. மேலும் ‘பயன்’ என்ற சொல்லுக்குள் ஒரு செழிப்பு இருக்கிறது. பயத்தல் என்றால் விளைதல், தருதல். பசுவின் பாலைக் குறள் ‘ஆபயன்’ என்கிறது. பசுவின் கொம்பும் குளம்பும் நிறமும் அதனிடம் உள்ளவை, நமக்கு வந்து சேர்வது பால். எங்கள் தோட்டத்துப் பெரியவர்களும் ரப்பர் மரத்துக்குப் பால்மரம் என்றே பெயர் வைத்தார்கள். இலையையோ பட்டையையோ பார்த்து வைக்கவில்லை, அது தருவதைப் பார்த்து வைத்தார்கள்.

> எந்தப் பெயர் வைத்தாலும் இது மனத்தை மயக்கும் தொழில்தானே? ‘பயன்’ என்ற நல்ல சொல்லை இதற்குக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பொய் எழுதச் சொல்லி என்னிடமும் வருகிறார்கள். ஒரு மூலிகை எண்ணெய்க்குச் சர்க்கரை நோய் தீரும் என்று போடச் சொன்னார் ஒருவர். முடியாது என்று திருப்பி அனுப்பினேன். மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது, குறிப்பிட்ட நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்திருக்க மாட்டேன். இல்லாத பயனைச் சொல்வது பயனுரை ஆகாது, அதற்குப் பொய்யுரை என்ற பழைய பெயரே போதும். சொல்லுக்குள்ளேயே ‘பயன்’ உட்கார்ந்திருப்பதால், எழுதுகிறவன் ஒவ்வொரு முறையும் அந்தப் பயன் உண்மையா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘விற்பனை எழுத்து’ அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை.

இணங்கவைப்பது எல்லாமே மயக்குவது அல்ல. அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன், தொழிலாளர்களின் பங்குப் பணத்தால் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதில் தொழிலாளர்கள் வேலையும் லயத்து வீடும் இழந்த காலம் அது. பால்வெட்டுத் தொழிலாளி தன் சம்பளத்தில் பத்து வெள்ளியை எடுத்துப் பங்குக்குக் கொடுக்க வேண்டும் என்றால், சங்க விதிகளை ஒப்பித்தால் நடக்குமா? தோட்டம் நம் கைக்கு வரும், நாளைக்கும் வேலை இருக்கும் என்பதுதான் அவர் காதில் விழ வேண்டிய செய்தி. அது மயக்கம் இல்லை, உண்மையான பயன்.

இனி ‘பயன்’ என்பதற்கு ஜோடிச் சொல். பொருளிடம் இருப்பதற்கு, ஆங்கிலத்தில் ‘ஃபீச்சர்’ என்பதற்கு, ‘சிறப்பியல்பு’ நீளம், ‘அம்சம்’ ஜாதகத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ‘கூறு’ போதும் என்பது என் கருத்து. பொருளின் கூறு, வாங்குபவரின் பயன். 2 அங்குல மடிப்பு கூறு, அடுத்த ஆண்டும் உடுத்தலாம் என்பது பயன். ‘கூறு’ என்றால் ‘சொல்’ என்றும் பொருள்படுமே என்று கிள்ளான் அன்பர் தயங்குகிறார். வரிக்குள் வரும்போது குழப்பம் இருக்காது என்றே நினைக்கிறேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ‘பொருட்கூறு’ என்று விரித்துக்கொள்ளலாம்.

எழுதுபவர் பயனுரைஞர். தொழில் பயனுரையாக்கம். கடை வேறு இடத்துக்கு மாறியது, திங்கட்கிழமை விடுமுறை போன்றவற்றைப் பயனுரை என்று சொல்ல வேண்டாம், அவை அறிவிப்புகள்.

“இன்றே அழையுங்கள்”, “வந்து பாருங்கள்” என்று கடைசியில் வருமே, அந்த வரிக்கு இன்னும் யாரும் பொருத்தமான சொல் தரவில்லை. ‘செயலழைப்பு’ எனக்கு நாக்கில் ஒட்டவில்லை. தீபாவளிச் சந்தைக் கடைகளுக்கு அடுத்த வாரம் விலைப்பட்டியல் அச்சடிக்கிறேன். அதில் ‘துண்டறிக்கை – பயனுரையுடன்’ என்று ஒரு வரி போடப்போகிறேன். அதற்குள் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட், பேராக்