ஜார்ஜ்டவுன் சுவத்துல ஃபாசில் (புதைபடிவ) மியூரல், ஐடியா வேணும்

பினாங்குல மாமா சாப்பாட்டுக்கடை பக்கச்சுவத்துல வரையப்போறேன், பச்சை டைனோசரா வரைஞ்சு வரைஞ்சு போரடிச்சிருச்சு, வேற ஏதாச்சும் சொல்லுங்களேன்.

பதில் 1: அண்ணே, 1830ல இங்கிலீஷ் புவியியலாளர் ஹென்றி டி லா பீச் வரைஞ்ச வாட்டர்கலரைப் பாருங்க, ஃபாசில் தேடுற மேரி ஆனிங்ங்கிற அம்மா இங்கிலாந்து கடலோர ஊர் லைம் ரீஜிஸ்ல கண்டெடுத்த எலும்புகளை வச்சு ஒரு கடலையே வரைஞ்சிட்டாரு, இக்தியோசார்ங்கிற கடல் ஊர்வன வந்து இன்னொரு கடல் ஊர்வனவான பிளீசியோசாரோட நீளக் கழுத்தைக் கவ்வுது, பிளீசியோசார் பயத்துல கழியுது (சத்தியமா!). பிரிண்ட் வித்த காசு அந்தம்மாவுக்குத்தான் போச்சு.

பதில் 2: சாப்பாட்டுக்கடையில அது வேணாம் லா 😄 அம்மோனைட் (அழிஞ்சுபோன, ஓடு உள்ள கடல் உயிரி) போடுங்க, நம்ம சாளக்கிராமத்துக்குள்ள சுருளா இருக்குமே, அதேதான்.

பதில் 3: இக்வானடான்ங்கிற டைனோசர் வரைஞ்சா மூக்குல கொம்பு வச்சிடாதீங்க. 1854ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ் சிலையில அப்படித்தான் வச்சாங்க, கடைசில பாத்தா அது கட்டைவிரல் முள்ளு.

கேட்டவர்: கழியுறது கண்டிப்பா உண்டு, மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.